வெள்ளி மதியத்துப் பழுது

கதிரையின் முதுகில் ஒரு நீலக் கம்பளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

திருகோணமலை வெயிலில் கம்பளிச் சட்டைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த ஆலையில் குளிரூட்டி பூட்டியிருந்த ஒரே இடம் கணினி அறைதான். மனிதர் உரத் தூசிக்குள் வெந்துகொண்டிருக்க, இயந்திரம் மட்டும் குளிரில் இருந்தது. அதற்குக் காவல் இருப்பவனுக்குக் குளிர்ந்தது. அதனால் அந்தச் சட்டை.

சட்டைக்குரியவன் மரியதாஸ். இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. கணினியை இயக்குகிற இரண்டு பேரில் இளையவன். அந்தத் திங்கட்கிழமை நான் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவாமலே அறைக்குள் போனபோது சட்டை இருந்தது. அவன் இல்லை.

மற்றக் கதிரையில் ரஹீம் நானா இருந்தார். கிண்ணியாக்காரர். தினமும் ஆற்றை மிதவையில் கடந்து வேலைக்கு வருகிறவர். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"மரியதாஸ் எங்க நானா?"

"சனிக்கிழமை விடிய வீட்ட வந்து கொண்டு போயிட்டாங்கள் தம்பி."

"ஆர்?"

"வேற ஆரு? ஜீப்பில வாறவங்கதான்."

எண்பதுகளின் தொடக்கம் அது. எல்லாம் ஒரேயடியாகக் கெடுவதற்குச் சற்று முந்திய காலம். ஜீப் என்றால் எந்த ஜீப் என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை.

என்ன குற்றம்?

ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். உள்துறைமுகத்து ஓரத்தில் இருந்தது. கப்பலில் வரும் உரத்தை இறக்கி, கலந்து, மூட்டை கட்டிக் கந்தளாய்க்கும் கிளிவெட்டிக்கும் லொறியில் அனுப்புவார்கள். வெளிநாட்டு முதலாளிகள். தங்கள் நாட்டில் கழித்துவிட்ட ஒரு கணினியை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அலுமாரி அளவு இருக்கும். அதைப் பராமரிக்கும் கொழும்புக் கம்பனியில் நான் தொழில்நுட்பவியலாளன். இந்த ஊரிலே பிறந்தவன் என்பதால் திருகோணமலைக்கு எப்போதும் என்னையே தள்ளிவிடுவார்கள்.

அந்தக் கணினி சில வாரங்களாக ஒரு சேட்டை செய்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் நின்றுவிடும். வேறு நாளில் நிற்காது, வேறு நேரத்தில் நிற்காது. வாரம் முழுவதும் சேர்த்த வேலை அத்தனையும் அழிந்துவிடும். மறுபடி இயக்கினால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும்.

வெள்ளி மதியம் ரஹீம் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போவார். அந்த நேரம் மரியதாஸ் தனியே இருப்பான். அவன் வேதக்காரன். ஞாயிறு காலை அவன் தேவாலயப் பூசைக்குப் போக, ரஹீம் நானா தனியே இருப்பார். யாரும் சொல்லாமல் அவர்கள் இருவரும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோசமாக இருக்கும்.

ஆலைக் கம்பனியின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து விசாரித்திருக்கிறார். அவருடைய புத்திக்கு அது பெரிய கண்டுபிடிப்பு: இயந்திரம் நிற்கும்போதெல்லாம் அறையில் மரியதாஸ் மட்டுமே இருந்திருக்கிறான். போதாததற்கு மரியதாசின் தம்பி யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போனவன், திரும்பி வரவில்லை. எங்கே என்று பெற்ற தாய்க்கே தெரியாது. நாசவேலை என்று மேலே சொல்லிவிட்டார். மிச்சத்தை ஜீப் பார்த்துக்கொண்டது.

"நான் தொழப் போனதுக்கு அவன் அடி வாங்கிறான் தம்பி," என்றார் ரஹீம் நானா. "எனக்குச் சோறு இறங்குதில்ல."

மணிகளும் சிப்புகளும்

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு ஆசிரியை, "கணினிக்கு நினைவு எங்கே இருக்கிறது, நீங்கள் சொல்லவே இல்லையே" என்று கேட்டிருந்தார். இந்த வாரம் சொல்ல வேண்டிய தேவை வந்துவிட்டது.

நினைவகம் என்பது தபாற்கந்தோரில் வரிசை வரிசையாக இருக்கும் சின்னப் பெட்டிகள் மாதிரி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு இலக்கம். ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது பூச்சியம். அவ்வளவுதான். போட்டது போட்டபடி திரும்பி வந்தால் நல்ல நினைவகம். ஒரே ஒரு பெட்டி மாற்றித் தந்தாலும் இயந்திரம் திகைத்து நின்றுவிடும்.

நான் கொழும்பில் பயிற்சிக்குப் போன புதிதில் பழைய நினைவகம் ஒன்றைக் காட்டினார்கள். கடுகு அளவு இரும்பு வளையங்கள். மயிர் மாதிரிக் கம்பியில் மணிபோலக் கோத்திருந்தார்கள். எங்கோ ஒரு தேசத்தில் பெண்கள் கையால் கோத்ததாம். எனக்கு அதில் ஒரு காதலே உண்டு. பழுதானால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அறுந்த இடம் தெரியும். பழுதுக்கு ஒரு முகம் இருந்தது.

பிறகு சிப் வந்தது. ஒரு பச்சைத் தகட்டில் கறுப்பாக, சதுரமாக, வரிசையாக இருக்கும். 'மெமறி போட்' என்போம். இதில் பார்க்க ஒன்றுமில்லை. நல்லதும் கறுப்பு, கெட்டதும் கறுப்பு. கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஒரு சோதனை நிரலை ஓடவிட்டால் அது எல்லாப் பெட்டியிலும் ஒன்றைப் போட்டு எடுத்துப் பார்க்கும், பிறகு பூச்சியத்தைப் போடும், பிறகு மாற்றி மாற்றிப் போடும். தவறாகத் தந்த பெட்டியின் இலக்கத்தை அச்சுப்பொறி அடித்துக் காட்டும்.

அப்படி ஒரு இலக்கம் விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விழவைப்பதுதான் பாடு. சில சிப்புகள் நோயாளி மாதிரி வைத்தியர் முன்னால் நல்ல சுகமாக இருக்கும்.

திருத்தக் கூடாத பழுது

ஆலை மனேச்சர் கொழும்புச் சிங்களவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பயந்தவர். என் பையில் புதுத் தகடுகள் இருப்பதை அறிந்து, எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

"மாற்றினால் இயந்திரம் ஓடும் சேர்," என்றேன். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில். "ஆனால் மரியதாஸ் பிடிபட்ட பிறகு பழுது நின்றுவிட்டது என்றுதானே சொல்வார்கள்?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படி ஒரு நிலைமை என் தொழிலில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பழுதைத் திருத்தக் கூடாது. பழுது சுகமாக, பத்திரமாக இருக்க வேண்டும். அது தன் வாயால் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

வழக்கமாக முதலில் செய்வது, தகட்டின் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் தேய்ப்பது. கடல் உப்பும் உரத் தூசியும் சேர்ந்து அங்கே பச்சையாகப் பாசி பிடிக்கும். தேய்த்தாலே பாதிப் பழுது போய்விடும். அந்த முறை அழிறப்பரைத் தொடவேயில்லை. தகடுகளை அசைக்கக் கூட இல்லை. இருந்தபடியே சோதனையை ஓடவிட்டேன்.

அச்சுப்பொறி வாயைத் திறக்கவில்லை.

மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஓடுகிற அதே வாராந்த வேலையைச் செவ்வாய்க்கிழமை ஓடவிட்டேன். ஒரு பிசகில்லாமல் ஓடி முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓடவிட்டேன்.

காலையில் கேற்றடியில் மரியதாசின் மனைவி றெஜினா நிற்பாள். பாலையூற்றிலிருந்து நடந்து வருவாள். கையில் சோற்றுப் பார்சல். அவனை வைத்திருந்த இடத்தில் அதை வாங்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்திருப்பாள்.

"மெசினுக்கு என்ன வருத்தமெண்டு கண்டுபிடிச்சிட்டீங்களோ அண்ணை?"

"இன்னும் இல்லைத் தங்கச்சி."

"உங்களால ஏலும்தானே?"

"ஏலும்," என்றேன். எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு மரியதாஸ் உயிரோடு வருவதும் நான் ஒரு சிப்பைப் பிடிப்பதும் ஒன்றாகிவிட்டது. எனக்கும் அப்படித்தான். கேற்றைத் தாண்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

கடற்சத்தம்

புதன்கிழமை பிளேன்ரீ குடிக்க வெளியே வந்து குந்தியிருந்தோம். ஆலையின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும்.

"நானா, வெள்ளிக்கிழமை நீங்கள் போய்ட்டு வாறதுக்கிடையில இஞ்ச என்ன மாறுது? மரியதாசை விடுங்கோ. வேற என்ன?"

"என்ன மாறும்? ஆக்கள் இல்ல. கிண்ணியா, மூதூர்ப் பொடியனுகள் எல்லாரும் பள்ளிக்கு. ஓட்ட ஆளில்லையெண்டு மோட்டரெல்லாத்தையும் நிப்பாட்டுவாங்க. கேற்றுக்கு வெளிய போகக்குள்ள கடல்ட சத்தம் கேக்கும். மத்த நாள்ல எங்க கேக்குது?"

"மத்த நாளில சாப்பாட்டு நேரம்?"

"மாறி மாறித் தின்னுவம். மோட்டர் நிக்காது. ஞாயித்துக்கிழமையும் நிக்காது."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் அப்பா வெள்ளைக்காரன் காலத்துக் கடற்படைத் தளத்தில் மின்வேலைக்காரர். சுதந்திரம் வந்தும் தளம் சில காலம் அவர்கள் கையிலேயே இருந்தது. பிறகு ஒருநாள் கப்பல்கள் போய்விட்டன. ஊரில் பாதிப் பேர் வேலையில்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்பா அங்கும் இங்கும் அலைந்து கடைசியில் கந்தளாயில் சீனி ஆலைக்குப் போனார். எங்களுக்கு ஆலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு.

அங்கே மின்குமிழ் எப்போதும் மஞ்சளாக அழுதுகொண்டிருக்கும். கரும்பு பிழியும் மோட்டர்கள் நின்றதும் சட்டென்று வெள்ளையாக எரியும். அம்மா குசினிக்குள் இருந்து, "வெளிச்சம் வந்திட்டுது, புத்தகத்தை எடு" என்று கத்துவா. எனக்கு அந்த வெளிச்சத்தைக் கண்டால் எரிச்சல். பெரிய மோட்டர்கள் இழுத்துக் குடித்துக்கொண்டிருக்கும் மின்சாரம், அவை நின்றதும் கம்பியில் ஏறிவிடும். காரணம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. விளைவு சிறுவயதிலேயே தெரியும்.

அதே கதைதான் இங்கேயும். வெள்ளி மதியம் ஆலை முழுவதும் ஒரேயடியாக நிற்கிறது. மின்னழுத்தம் ஏறுகிறது. கணினிக்குள் அதை மட்டுப்படுத்தும் பகுதி பழசு, முழுதாக அடக்கவில்லை. சுகமான சிப்புகள் அந்த ஏற்றத்தைத் தாங்கிக்கொள்கின்றன. எங்கோ ஒரு நோஞ்சான் சிப் தாங்கவில்லை. பழுது தொழுகை நேரத்தில் வந்தது, மரியதாஸ் தொழாதவன் என்பதால் அதன் பக்கத்தில் இருந்தான். இவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

அரை மணித்தியாலம்

மனேச்சரின் அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன்.

"சேர், மோட்டர்களை அரை மணித்தியாலம் நிற்பாட்டுங்கள். பழுதை உங்கள் கண்ணால் காட்டுகிறேன்."

அவர் ஜன்னலைக் காட்டினார். இறங்குதுறையில் கப்பல் நின்றது. அது நிற்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் முதலாளிகளுக்கு நட்டம். நிற்பாட்ட அவருக்கு அதிகாரமில்லை, கேட்டால் கொழும்பில் சிரிப்பார்கள்.

"உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் சேர்."

"வெள்ளிக்கிழமை வருகிறதுதானே? எப்படியும் அவை தாமாக நிற்கும். அதுவரை பொறுத்துக்கொள்."

நான் கெஞ்சினேன். பிறகு சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. குனிந்து ஏதோ தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குனிந்த தலையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் இறந்துபோனதாகக் கேள்விப்பட்ட அன்றும் முடியவில்லை.

றெஜினாவிடம் வெள்ளிக்கிழமை என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

வெள்ளி

ரஹீம் நானா அன்றைக்குத் தொழப் போகவில்லை.

"நான் இருந்து பாக்கப் போறன். அல்லாஹ்வுக்கு விளங்கும்," என்றார்.

மனேச்சரும் வந்து பின்னால் நின்றார். சோதனை ஓடிக்கொண்டிருந்தது. அச்சுப்பொறி மௌனம். வெளியே பொடியன்கள் கைகால் கழுவிக்கொண்டு கேற்றால் வெளியேறும் சத்தம். பிறகு மோட்டர்கள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கின. கடைசி மோட்டர் இழுத்து இழுத்து ஓய்ந்தது.

சுவரில் இருந்த காற்றாடியின் சத்தம் கூடியது. ரஹீம் நானா என் தோளைப் பிடித்தார்.

அச்சுப்பொறி தடதடவென்று அடித்தது. ஒரு இலக்கம். போட்டது ஒன்று, திரும்பி வந்தது பூச்சியம். மறுபடி அதே இலக்கம். மறுபடியும் அதே. தாள் சுருண்டு விழ விழ அதே இலக்கம்.

இயந்திரத்தை நிறுத்தி, அதில் இருந்த இரண்டு நினைவகத் தகடுகளையும் இடம் மாற்றிப் போட்டேன். எங்கள் தொழிலில் இதுதான் கடைசித் தீர்ப்பு. பழுது அதே இடத்தில் நின்றால் தகட்டைச் செருகும் துளையில் பிழை. தகட்டோடு கூடப் போனால் தகட்டில் பிழை. மறுபடி ஓடவிட்டேன். இலக்கம் மாறியது. தகட்டோடு போய்விட்டது.

அந்த இலக்கத்துக்குரிய சிப்பைக் கணக்குப் பார்த்து விரலை வைத்தேன். மற்றவற்றைப் போலவே கறுப்பாக இருந்தது. அதைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதிக்க வேண்டும் போல் இருந்தது. செய்யவில்லை. அதுதானே சாட்சி.

மனேச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வா, இப்பவே போவோம்" என்று கார்த் திறப்பை எடுத்தார்.

கையெழுத்து

மரியதாசை வைத்திருந்த இடத்தின் அலுவலகத்தில் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார்கள். பொறுப்பாக இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். மனேச்சர் எல்லாவற்றையும் சிங்களத்தில் விளக்கினார், அவசரமில்லாமல், நன்றாக. தகட்டை மேசையில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எது பழுது?"

காட்டினேன். அவர் அதையும் பார்த்தார், பக்கத்தில் இருந்ததையும் பார்த்தார். தகட்டை மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"இதில் பழுது இருக்கலாம்," என்றார். "ஆனால் அவன் நேற்றே ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டானே."

நேற்று. வியாழக்கிழமை. மனேச்சர் என்னைப் பார்க்கவில்லை.

கணினியின் பின்பக்கத்தால் தண்ணீர் ஊற்றியதாக மரியதாஸ் சொல்லியிருக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் ஊற்றினானாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நான் ஒருமுறை பிளேன்ரீக் கோப்பையோடு அந்த அறைக்குள் நுழைந்ததற்கு, "வெளிய குடிச்சிட்டு வாங்கோ அண்ணை" என்று என்னையே திருப்பி அனுப்பியவன் அவன்.

"தண்ணீர் பட்டால் இந்த இயந்திரம் அன்றைக்கே செத்துவிடும். மறுபடி ஓடவே ஓடாது. நான் உள்ளே பார்த்தேன், ஒரு துளி பட்ட அடையாளம் இல்லை," என்றேன்.

"அப்படியென்றால் ஏன் அவன் சொல்ல வேண்டும்?"

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். கேட்டவருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, சொன்னால் நானும் உள்ளே இருப்பேன்.

வெளியே றெஜினாவும் ரஹீம் நானாவும் மரத்தடியில் நின்றார்கள்.

"மெசின்லதான் பிழை மகள், கண்ணால கண்டனான்," என்று ரஹீம் நானா அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"அப்ப எங்க அவர்?" என்றாள் என்னைப் பார்த்து.

பாலையூற்று

மாரி முழுவதும் கழிந்த பிறகு அவனை விட்டார்கள். மனேச்சர் யார் யாரையோ பிடித்து எழுதினதாகச் சொன்னார்கள். இருக்கலாம். அடுத்த முறை திருகோணமலைக்கு வந்தபோது நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

கதிரையில் இருந்தான். பாதியாய்ப் போயிருந்தான். வலது கை மடியில் கிடந்தது, தூக்கவில்லை. றெஜினா எனக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.

இனி அவனுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். மோட்டர்கள் நின்றதை, காற்றாடி வேகமாகச் சுற்றியதை, அதே இலக்கம் திரும்பத் திரும்ப விழுந்ததை, தகட்டை மாற்றிப் போட இலக்கமும் கூடப் போனதை. ஒரு தாளில் கீறியும் காட்டினேன். அவன் கெட்டிக்காரன். என்னைவிட வேகமாக விளங்கிக்கொள்கிறவன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

"விளங்குது அண்ணை. சிப்தான் பிழை."

"ஓம். உன்னில ஒரு பிழையும் இல்லை."

"ஓம்."

குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, றெஜினாவுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"ஆனா தண்ணி ஊத்தினது எனக்கு ஞாபகம் இருக்கு அண்ணை. சிவப்பு வாளி. கைபிடி உடைஞ்சது. அப்ப நான் அந்தத் தண்ணியை எங்க ஊத்தினனான்?"